பான்ஷீ 350 வண்டியில் இக்னிஷன் டைமிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷார்ஜாவில் மணல்மேட்டு வண்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறேன். நவம்பரில் வெயில் தணிந்ததும் அல் பதாயர் மணல்மேடுகளுக்குக் கூட்டம் கிளம்பிவிடும். பட்டறை வாசலில் யமஹா பான்ஷீ வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். கொண்டுவருகிறவர்களில் பலர் முதலில் கேட்பது டைமிங்கைப் பற்றித்தான். நாலு டிகிரி ஏற்றினால் வண்டி பறக்கும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அந்தக் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

பான்ஷீ என்பது எப்படிப்பட்ட வண்டி?

நான்கு சக்கரம், இரட்டை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், தண்ணீரில் குளிரும் இன்ஜின். அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்பனையில் இருந்தது. கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் பெயர் வாங்கிய வண்டி. வளைகுடாவிலும் அதற்கு அதே மரியாதை. கொள்ளளவு 347 சிசி. போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 64 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 54 மில்லிமீட்டர்.

இந்த அளவுகளைப் பார்த்ததும் நம் ஊர் மூத்த மெக்கானிக்குகளுக்குப் பொறி தட்டும். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் 1989 வரை தயாரித்த ராஜ்தூத் 350இன் அளவும் இதேதான். யமஹா ஆர்டி 350தான் ராஜ்தூத்தாக வந்தது. அந்த வழியில் பின்னால் வந்த, தண்ணீரில் குளிரும் ஆர்இசட் 350 இன்ஜினே பான்ஷீக்குள் புகுந்தது. பொறியின் நேரத்தை ராஜ்தூத்தில் பாயிண்ட் என்ற திறந்து மூடும் தொடுமுனை முடிவு செய்தது, பான்ஷீயில் சிடிஐ என்ற மின்னணுப் பெட்டி. வேறுபாடுகள் நிறைய உண்டு என்றாலும் குடும்பம் ஒன்று.

டைமிங் என்று எதைச் சொல்கிறோம்?

பிஸ்டன் மேலே ஏறி நிற்கும் உச்சியை மெக்கானிக்குகள் 'டாப்' என்பார்கள். பிளக்கில் பொறி வருவது டாப்பில் அல்ல, அதற்குச் சற்று முன்னால். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க், டாப்புக்கு வர இன்னும் எத்தனை டிகிரி சுழல வேண்டியிருக்கும்போது பொறி வருகிறதோ, அதுதான் டைமிங். அந்த எண்ணைக் கூட்டினால் அட்வான்ஸ். குறைத்தால் ரிடார்டு.

பொறி விழுந்த நொடியிலேயே முழுக் கலவையும் எரிந்துவிடுவதில்லை. தீ பிளக் முனையில் பிறந்து சிலிண்டர் சுவரை நோக்கிப் பரவ நேரம் எடுக்கிறது. அந்த நேரம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள்: 6000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 6000 சுற்று) ஒரு சுற்றுக்கு 10 மில்லிசெகண்டு. 20 டிகிரி சுழல 0.56 மில்லிசெகண்டு. 9000 ஆர்பிஎம்மில் அதே 20 டிகிரிக்கு 0.37 மில்லிசெகண்டுதான். இந்த இடைவெளிக்குள் தீ பரவி, பிஸ்டன் டாப்பைத் தாண்டி ஏறக்குறைய 12 முதல் 15 டிகிரி இறங்கியிருக்கும்போது அழுத்தம் உச்சத்தைத் தொட வேண்டும். அப்போதுதான் தள்ளுகிற விசை கிராங்கைச் சுழற்றப் பயன்படும். பொறி தாமதமானால், இறங்கி ஓடுகிற பிஸ்டனைத் துரத்திக்கொண்டு தீ போகும். சீக்கிரம் வந்துவிட்டால், ஏறிவரும் பிஸ்டனை எதிர்த்து நெஞ்சில் உதைத்தது போலாகும்.

4 டிகிரி ஏற்றினால் சக்தி கூடுமா?

கூடும். எல்லா வேகத்திலும் கூடாது.

கம்பெனி வைத்து அனுப்பும் டைமிங் எச்சரிக்கையானது. மோசமான பெட்ரோல், தவறான ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை), கடும் வெயில் எல்லாவற்றையும் தாங்கும்படி வைத்திருப்பார்கள். அந்த எச்சரிக்கையில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்வதுதான் நாம் செய்கிற வேலை. 4 டிகிரி ஏற்றிய பான்ஷீயில் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டதும் இன்ஜின் பதில் சொல்லும். அடிவேகத்திலும் நடுவேகத்திலும் இழுவை நன்றாகத் தெரியும். மேட்டின் பாதியில் கியர் குறைக்க வேண்டியிருந்த வண்டி, அதே கியரில் உச்சிக்கு ஏறிவிடும். மணலில் ஓட்டுபவருக்கு இது பெரிய விஷயம். மணலில் வேகம் ஒருமுறை விழுந்தால் மீட்பது கஷ்டம்.

ஆனால் இன்ஜின் கத்துகிற உச்ச வேகத்தில், அதாவது சக்தி உச்சத்தைத் தாண்டிய பிறகும் ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகிற அந்தக் கடைசிப் பகுதியில், கொஞ்சம் இழப்பு வரும். முன்பு நீண்டு இழுத்த வண்டி இப்போது சற்று முன்னதாகவே மூச்சு வாங்கும். இதைச் சொல்லாமல் டைமிங் ஏற்றிக் கொடுத்தால், வாடிக்கையாளர் அடுத்த வாரமே வந்து நிற்பார்.

உச்ச வேகத்தில் ஏன் குறைகிறது? நான்கு ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லையே.

டூ-ஸ்ட்ரோக்கின் நுட்பமே இங்குதான் இருக்கிறது.

டூ-ஸ்ட்ரோக்கில் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் வயிறு பெருத்த குழாய், புகையை வெளியே அனுப்புவதற்கு மட்டும் இருப்பதல்ல. எக்ஸாஸ்ட் போர்ட் திறந்ததும் கிளம்பும் அழுத்த அலை அந்தக் குழாயின் விரியும் பகுதியில் ஓடி, புதுக் கலவையை உள்ளே இழுக்க உதவுகிறது. குறுகும் பகுதியில் மோதித் திரும்பி வந்து, வெளியே நழுவிய கலவையைத் திரும்பவும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அலை சரியான நேரத்தில் திரும்பினால் வண்டி 'பைப்பில் ஏறியது' என்கிறோம். அந்த நேரம் அலையின் வேகத்தைப் பொறுத்தது. அலையின் வேகம் குழாய்க்குள் இருக்கும் புகையின் சூட்டைப் பொறுத்தது. சூடு கூடினால் அலை வேகமாக ஓடும். அப்போது குழாய் அதிக ஆர்பிஎம்முக்கு ஒத்துப்போகும். சூடு குறைந்தால் குறைந்த ஆர்பிஎம்முக்கு.

டைமிங்கை அட்வான்ஸ் செய்யும்போது எரிதல் சிலிண்டருக்குள்ளேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. சூடு பிஸ்டனுக்கும் சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டுக்கும் போகிறது. குழாய்க்குப் போகிற புகை சற்றே குளிர்ந்து போகிறது. அதனால் குழாயின் ஒத்திசைவு கீழ் ஆர்பிஎம்முக்கு இறங்குகிறது. நடுவேகம் பலம் பெறுவதும் உச்ச வேகம் மெலிவதும் ஒரே காரணத்தால். யமஹாவின் சிடிஐ உயர் ஆர்பிஎம்மில் டைமிங்கைத் தானே ரிடார்டு செய்வதும் இதையொட்டித்தான். உச்ச வேகத்தில் குழாயைச் சூடாக்கி, இழுவையை நீட்டிக்கிறது. பைப்பில் ஏறிய நிலையில் சிலிண்டர் நன்றாக நிரம்பியிருப்பதால் தீயும் வேகமாகப் பரவுகிறது. அவ்வளவு முன்கூட்டிப் பொறி தேவைப்படுவதில்லை.

ஆகவே டைமிங் ஏற்றுவது என்றால் சூட்டைக் குழாயிலிருந்து எடுத்துப் பிஸ்டனிடம் கொடுப்பது. பிஸ்டன் அதைத் தாங்குமா என்பதுதான் இந்த வேலை முழுவதிலும் என்னை உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி.

டைமிங்கைத் தொடுவதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், முதலில். இரண்டு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்துவைத்து, கேஜ் முள் அதற்குமேல் ஏறாது என்னும் வரை கிக்கரை மிதியுங்கள். ஹெட்டில் கைவைக்காத வண்டியில் 120 பிஎஸ்ஐயை ஒட்டி வரும். எண்ணைவிட முக்கியம் இரண்டு சிலிண்டருக்கும் இடையே உள்ள வேறுபாடு. 10 பிஎஸ்ஐக்கு மேல் வேறுபட்டால் டைமிங்கை மறந்துவிடுங்கள். போரும் ரிங்கும்தான் அந்த வண்டியின் பிரச்சினை.

அடுத்தது காற்றுக் கசிவு. டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட்டையும் கார்புரேட்டர் வாயையும் அடைத்து, 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, 6 நிமிடம் நிற்கிறதா என்று பார்ப்பது வழக்கம். முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் கசிகிற இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அரை மணிநேர வேலைதான். ஆனாலும் டைமிங் கேட்டு வருகிறவர்களில் இந்தச் சோதனையை ஏற்கெனவே செய்துவிட்டு வந்தவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். கசிகிற இன்ஜினில் கலவையில் பெட்ரோல் குறையும், சூடு ஏறும். அதன்மேல் டைமிங்கையும் ஏற்றினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ள ஒரு நீண்ட ஏற்றம் போதும்.

மூன்றாவது, கார்புரேட்டர் ஜெட். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

உயர் வேகத்தில் வண்டி திணறி வெடிக்கிறது. டைமிங்தான் காரணமா?

பெரும்பாலும் இல்லை. பான்ஷீயில் டார்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. ஆக்ஸிலரேட்டர் கேபிள் சிக்கிக்கொண்டால் பொறியைக் கட்டுப்படுத்தி இன்ஜின் வேகத்தை அடக்கும். அதன் சுவிட்சுகள் பழசாகிக் குழம்பும்போது டைமிங் கோளாறு போலவே திணறும். பலர் அதை முழுதாகக் கழற்றிவிடுகிறார்கள். கழற்றுகிறவர்கள், ஓட்டுபவரின் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் கயிற்று சுவிட்சைக் கட்டாயம் பொருத்த வேண்டும். அவர் வண்டியிலிருந்து விழுந்தால் இன்ஜின் உடனே அணைய வேண்டும். இந்த ஒன்றில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

வேலையை எப்படிச் செய்வது?

இன்ஜினின் இடதுபக்க மூடியைத் திறந்தால், கிராங்கோடு சுழலும் காந்தச் சக்கரமான மேக்னட் தெரியும். அதன் பின்னால் ஒரு பிளேட்டின்மேல் காயில்களும் பிக்கப்பும் உட்கார்ந்திருக்கும். மேக்னட்டில் இருக்கும் மேடு பிக்கப்பைக் கடக்கும்போது சிடிஐக்குச் சைகை போகும், பொறி வரும். அந்தப் பிளேட்டைச் சற்றுத் திருப்பினால் பிக்கப்பின் இடம் மாறும். பொறியின் நேரமும் மாறும். இரண்டு பிளக்குக்கும் ஒரே இக்னிஷன் காயிலிலிருந்துதான் ஒயர் போகிறது என்பதால் ஒரு பிளேட் இரண்டு சிலிண்டருக்கும் போதும்.

மேக்னட் நட்டைக் கழற்றியதும் புல்லர் போட்டுத்தான் மேக்னட்டை எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டுவதும், பின்னால் ஸ்குரூடிரைவர் விட்டு நெம்புவதும் கூடாது. கிராங்க் வளைந்தாலும் காயில் அறுந்தாலும் டைமிங்கால் கிடைக்கும் சுகத்தைவிடச் செலவு பெரிது. மேக்னட் வெளியே வந்ததும் அரைநிலா வடிவச் சாவி ஒன்று கிராங்க் முனையின் பள்ளத்தில் இருக்கும். அதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது பிளேட்டைத் தளர்த்துவதற்கு முன், பிளேட்டும் கிராங்க் கேஸும் சேரும் இடத்தில் கூரான ஊசியால் ஒரு கோடு கீறுங்கள். இரண்டின் மேலும் ஒரே நேர்க்கோடாக. கம்பெனி நிலைக்கு அதுவே சாட்சி.

பிளேட்டைக் கழற்றியதும் கிராங்க் ஆயில் சீல் கண்ணுக்கு நேராகத் தெரியும். இங்கே ஒரு நிமிடம் நின்று பாருங்கள். சீலைச் சுற்றி உலர்ந்த தூசி இருந்தால் நல்லது. பெட்ரோலும் ஆயிலும் கலந்த ஈரப்பசை ஒட்டினால், அந்த சீல் கசிகிறது. இடது சிலிண்டர் அந்த வழியாகக் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. மேக்னட்டைக் கழற்றுகிற ஒவ்வொரு முறையும் நான் அங்கே விரலை வைத்துப் பார்ப்பேன். டைமிங் மாற்ற வந்த எத்தனையோ வண்டிகளை அந்த ஈரம்தான் காப்பாற்றியிருக்கிறது.

கம்பெனி பிளேட்டைத் தேவையான அளவுக்குத் திருப்ப முடியாது. ஸ்குரூ துளைகளை நீள்வட்டமாக அரத்தால் ராவிக்கொள்ளலாம். அல்லது டிகிரிக் கோடுகள் வெட்டிய டைமிங் பிளேட் கடையில் கிடைக்கிறது, அதை மாற்றலாம். கை சுத்தமாக இருந்தால் அரம் போதும். எனக்குப் பிடித்தது கடைப் பிளேட்தான். கோடு பார்த்துத் திருப்பலாம், பிறகு வேறொரு மெக்கானிக் திறந்தாலும் எத்தனை டிகிரி என்று அவருக்குப் புரியும். அரத்தால் ராவுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தின் விளிம்பில் 1 டிகிரி என்பது 0.87 மில்லிமீட்டர். 4 டிகிரிக்கு 3.5 மில்லிமீட்டர். உங்கள் பிளேட்டின் விட்டத்தை அளந்து அதே விகிதத்தில் குறியுங்கள்.

திருப்பிய பிறகு ஸ்குரூக்களுக்கு நட்டுப் பூட்டும் பசை ஒரு சொட்டு வைத்து இறுக்குங்கள். பிளேட்டோடு ஒயரும் நகர்ந்திருக்கும். அது மேக்னட்டில் உரசாதபடி ஒதுக்குங்கள். பிக்கப் இடைவெளியை மேனுவலில் உள்ள அளவுக்கு வையுங்கள்.

மேக்னட்டைத் திரும்ப மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

கிராங்க் முனையும் மேக்னட்டின் உட்துளையும் கூம்பாக இருக்கும். மேக்னட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்தக் கூம்பின் உராய்வுதான். அரைநிலாச் சாவி இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே இருக்கிறது. சுமையைத் தாங்க அல்ல.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் கூம்பைத் துடைக்காமல் மேக்னட்டை மாட்டி இறுக்கிவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத அளவு ஆயில் படலம் இருந்திருக்கிறது. வாடிக்கையாளர் இரண்டு மணல்மேடு தாண்டியதும் மேக்னட் வழுக்கி, சாவி வெட்டுப்பட்டு, டைமிங் எங்கோ போய்விட்டது. கார்புரேட்டர் வழியாகத் தீ தும்மி இன்ஜின் நின்றது. வெயிலில் அந்த மனிதர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்று முதல் இரண்டு கூம்புகளையும் பிரேக் கிளீனர் தெளித்து, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் கறை வரவில்லை என்று பார்த்த பிறகுதான் மாட்டுகிறேன். நட்டை டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு இறுக்குகிறேன்.

பிளேட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

கிராங்க் சுழலும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ். மேக்னட்டின் மேடு தன் வழியில் பிக்கப்பைச் சற்று முன்னதாகவே சந்திக்கும். பான்ஷீயின் இடதுபக்கமாக நின்று பார்த்தால் கிராங்க் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழல்கிறது. எனவே பிளேட்டைக் கடிகார முள்ளின் திசையில் திருப்ப வேண்டும். வேறு வண்டியாக இருந்தால் மனப்பாடமாக எதையும் செய்யாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தி, மேக்னட் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

கோடு பார்த்து வைத்தது சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிஸ்டனின் நகர்வை அளக்கும் டயல் கேஜும், பொறி வரும் நொடியில் மின்னும் டைமிங் லைட்டும் வேண்டும். பான்ஷீயில் பிளக் துளை ஹெட்டின் நடுவில் நேராக இருப்பது நமக்கு வசதி. பிளக் துளையில் டயல் கேஜைத் திருகி, மேக்னட்டைக் கையால் திருப்பினால் முள் ஏறி, நின்று, திரும்பும். நிற்கிற இடம் டாப். அங்கே கேஜைப் பூஜ்யமாக்குங்கள்.

கனெக்டிங் ராடு நீளம் 110 மில்லிமீட்டர் உள்ள பான்ஷீயில், டாப்புக்கு 17 டிகிரி முன்னால் பிஸ்டன் 1.46 மில்லிமீட்டர் கீழே இருக்கும். 21 டிகிரியில் 2.22 மில்லிமீட்டர். பிஸ்டனின் பயணத்தில் முக்கால் மில்லிமீட்டர் வேறுபாடுதான் நாம் பேசுகிற 4 டிகிரி முழுவதும். இவ்வளவு சிறிய அளவைக் கண்மதிப்பில் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

வேண்டிய அளவைத் தாண்டி மேக்னட்டைப் பின்னோக்கிச் சுழற்றி, பிறகு முன்னோக்கி வந்து அந்த அளவில் நிறுத்துங்கள். பேரிங்கில் இருக்கும் சிறு ஆட்டம் இதனால் நீங்கும். அந்த நிலையில் மேக்னட்டிலும் கிராங்க் கேஸிலும் நேருக்கு நேராக வெள்ளைக் கோடு போடுங்கள். இன்ஜினை ஓடவிட்டு, மேனுவல் சொல்லும் ஆர்பிஎம்மில் டைமிங் லைட்டைப் பிடித்தால் இரண்டு கோடுகளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை ஏற்றிப் பார்த்தால் கோடு மெல்ல விலகும். அது சிடிஐ செய்கிற வேலை. கோடு நிலையில்லாமல் துள்ளினால் பிக்கப் ஒயரையும் எர்த்தையும் பாருங்கள்.

எந்தப் பெட்ரோல் போட வேண்டும்?

இங்கே பெட்ரோல் பங்க்குகளில் 91, 95, 98 ஆக்டேன் கிடைக்கிறது. நாக்கிங்கை, அதாவது கலவை தானாக வெடிப்பதை, பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதுதான் அந்த எண். டைமிங்கைத் தொட்ட வண்டிக்கு 98ஐத் தவிர வேறெதையும் நான் சொல்வதில்லை. ஹெட்டைச் சீவிக் கம்ப்ரஷன் 150 பிஎஸ்ஐயைத் தாண்டியிருந்தால் 98 போட்டாலும் 4 டிகிரிக்கு மேல் போக மாட்டேன். 7 டிகிரி என்பதெல்லாம் பந்தய பெட்ரோல் ஊற்றுகிறவர்களுக்கு.

அமெரிக்க மணல்மேட்டுக்காரர்கள் 91 போட்டு 4 டிகிரி ஓட்டுகிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் எழுதியிருப்பது வேறு அளவுமுறை. அவர்களுடைய 91 நம் கணக்கில் ஏறக்குறைய 95, 96க்குச் சமம். நம் 91க்கு அல்ல. இந்தக் குழப்பத்தால் போன பிஸ்டன்களை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன்.

பான்ஷீயில் ஆயில் பம்ப் கிடையாது. பெட்ரோலோடு ஆயிலை நாமே கலக்க வேண்டும். 32 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்பது எங்கள் பட்டறை வழக்கம். கலவையை நேரத்துக்கு ஒரு விகிதமாக மாற்றாதீர்கள். ஆயில் கூடினால் அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது.

நாக்கிங் வந்தால் காதில் கேட்காதா?

பான்ஷீயில் கேட்காது. இரண்டு சைலன்சரின் அலறலில் அந்தச் சிறு உலோக ஒலி கரைந்துவிடும். ஹெல்மெட் வேறு. அதனால் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு வண்டியைச் சொல்கிறேன். ஹெட் சீவியது, 95 பெட்ரோல், வேறெங்கோ 7 டிகிரி ஏற்றியது. சக்தி குறைந்துபோனதாக அதன் உரிமையாளர் கொண்டுவந்தார். ஹெட்டைத் திறந்தேன். இடது பிஸ்டனின் விளிம்பு எக்ஸாஸ்ட் பக்கத்தில் எலி கரம்பியது போல இருந்தது. விரலை வைத்தால் மணற்காகிதம் மாதிரி உறுத்தியது. நேர் மேலே ஹெட்டின் ஓரப் பட்டையிலும் அதே புள்ளிகள். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள். அவற்றுக்கிடையே வெளிச்சத்தில் மின்னும் சிறு மணிகள். அவை பிஸ்டனிலிருந்து பிய்ந்த அலுமினியம். இன்னும் ஒரு மாலை ஓட்டியிருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழுந்திருக்கும்.

பொறி வைத்த தீ பரவி முடிவதற்குள், ஓரத்தில் மிஞ்சியிருக்கும் கலவை சூட்டாலும் அழுத்தத்தாலும் தானாக வெடிப்பதுதான் நாக்கிங். டைமிங்கை ஏற்ற ஏற்ற அந்த ஓரக் கலவையின் மேல் அழுத்தமும் சூடும் கூடுகின்றன. அதனால் டைமிங் மாற்றிய வண்டியை முதல் நாள் முழு ஆக்ஸிலரேட்டரில் ஒரே ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டி, ஓடும்போதே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பூதக்கண்ணாடியில் பாருங்கள். ஒரு மின்னும் மணி தெரிந்தாலும் 2 டிகிரி குறைத்துவிடுங்கள்.

பிளக்கை மாற்ற வேண்டுமா?

கம்பெனி பிளக் என்ஜிகே பி8இஎஸ். 4 டிகிரிக்கு அதுவே போதும். மணலில் நெடுநேரம் முழு வேகத்தில் ஓட்டுபவர்கள் ஒரு படி குளிர்ந்த பி9இஎஸ் போடலாம்; என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ந்தது.

ஜெட்டையும் மாற்ற வேண்டுமா?

டைமிங் மட்டும் மாறினால் ஜெட் மாறியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் முன்பே பெட்ரோல் குறைவாக ஓடிக்கொண்டிருந்த வண்டி இதுவரை தப்பித்திருக்கலாம், இனிமேல் தப்பாது. மெயின் ஜெட்டை ஒரு எண் பெரிதாக்கி, பிளக் நிறம் பார்த்து இறங்கி வாருங்கள். பெரியதிலிருந்து சிறியதற்கு வருவதுதான் பாதுகாப்பான வழி.

இங்கே குளிர்காலத்தை மறந்துவிடக் கூடாது. ஆகஸ்டில் 45 டிகிரி செல்சியஸ் வெயிலில் ஜெட் சரிசெய்த வண்டியை ஜனவரி அதிகாலையில் 12 டிகிரியில் ஓட்டுகிறார்கள். குளிர்ந்த காற்று ஏறக்குறைய 12 சதவீதம் அடர்த்தி கூடியது. அவ்வளவு காற்று அதிகமாக உள்ளே போகிறது. ஜெட் கொடுக்கும் பெட்ரோலோ அந்த அளவுக்குக் கூடுவதில்லை. கலவையில் பெட்ரோல் குறைகிறது, டைமிங்கும் ஏறியிருக்கிறது. வண்டி அன்று காலை அற்புதமாக இழுக்கும். பிஸ்டன் பிடித்துக்கொள்வதும் அன்று காலைதான். பருவத்தின் முதல் குளிர்ந்த வாரத்தில் ஜெட்டைப் பார்க்காமல் மணலில் இறங்காதீர்கள் என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

புரோகிராம் செய்யும் சிடிஐ வாங்கினால் நல்லதா?

பணம் இருந்தால் நல்லதுதான். பிளேட்டைத் திருப்பினால் எல்லா ஆர்பிஎம்முக்கும் ஒரே 4 டிகிரி ஏறுகிறது. தேவையில்லாத இடத்திலும் ஏறுகிறது. புரோகிராம் செய்யும் சிடிஐயில் நடுவேகத்துக்கு மட்டும் கூட்டி, உச்ச வேகத்தில் வழக்கம்போல் ரிடார்டு செய்யவிடலாம். நடுவேக இழுவையும் கிடைக்கும், கடைசி ஓட்டமும் கெடாது. ஆனால் வரைபடத்தை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம் என்பதே அதன் ஆபத்து. இன்ஜின் சக்தியை அளக்கும் டைனமோமீட்டரும் பொறுமையும் இல்லாதவர் கையில் அது பிளேட்டைவிட வேகமாகப் பிஸ்டனைத் தின்றுவிடும்.

டைமிங் ஏற்றிய பிறகு கிக்கர் காலைத் திருப்பி அடிக்கிறது. ஏன்?

மெதுவாகச் சுழலும்போது பொறி டாப்புக்கு வெகு முன்னால் வந்து பிஸ்டனைப் பின்னோக்கித் தள்ளுகிறது. 4 டிகிரியில் இது லேசாக இருக்கலாம். காலணி போட்டு, தயங்காமல் ஒரே மிதியாக மிதியுங்கள். கணுக்காலை உலுக்கும் அளவுக்கு அடித்தால் நீங்கள் நினைத்ததைவிட அதிகம் ஏறியிருக்கிறது. டைமிங் லைட்டை வைத்து அளந்து பாருங்கள்.

யமஹா பிளாஸ்டர் 200 வண்டிக்கும் இதே கணக்கா?

முறை ஒன்றே. ஆனால் பிளாஸ்டர் ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் இன்ஜின். சூட்டை இறக்கிவைக்க ரேடியேட்டர் கிடையாது. இந்த ஊர் வெயிலில் அதற்கு 2 டிகிரிக்கு மேல் நான் ஏற்றுவதில்லை.

ஊரில் ஜாவா, யெஸ்டி வண்டிகளுக்குச் செய்ததும் இதுதானே?

இதேதான். அந்த வண்டிகளில் டைமிங்கை மில்லிமீட்டரில் சொல்வார்கள். பிஸ்டன் டாப்புக்கு இத்தனை மில்லிமீட்டர் கீழே இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும் என்று. பாயிண்டுக்கு நடுவே மெல்லிய தாளை வைத்து, அது எப்போது நழுவுகிறது என்று விரலால் உணர்ந்து டைமிங் வைத்த மூத்தவர்கள் இன்றைய பான்ஷீயையும் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். தாளுக்குப் பதில் டைமிங் லைட் வந்திருக்கிறது.

ஏற்றிப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை. பழைய நிலைக்கே கொண்டுவரலாமா?

தாராளமாக. நீண்ட சமதரையில் உச்ச வேகத்துக்காக ஓட்டுபவர்களுக்குக் கம்பெனி டைமிங்கே பொருத்தம். பலர் திரும்பி வந்திருக்கிறார்கள். மேக்னட்டைக் கழற்றி, முதல் நாள் ஊசியால் கீறிய கோட்டுக்குப் பிளேட்டைத் திருப்பி, ஸ்குரூக்களில் புதுப் பசை வைத்து இறுக்கி, கூம்புகளைத் துடைத்து மாட்டுங்கள். கழற்றியிருக்கும்போதே சீலையும் ஒருமுறை விரலால் தொட்டுப் பாருங்கள்.